காலி என்று நான் எழுதிய சீட்டு

ஜூன் 3, செவ்வாய்

எட்டு மணிக்கே அனல். தில்லி ஓக்லாவில் இருக்கும் லாரி ஆபீஸ் வரை பஸ்ஸில் நின்றபடி.

இன்று போட்ட வழிச்சீட்டு பதினொன்று. எந்த லாரி, என்ன சரக்கு, எந்தச் சாலை, எத்தனை மணிக்கு. தீப்பற்றும் சரக்கு என்றால் ஊருக்குள் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். இந்த வேலைக்கு எம்.காம்.

கடைசிச் சீட்டு மாரப்பன் அண்ணன் டேங்கருக்கு. நாமக்கல்காரர். பவானாவில் பெயிண்ட் கம்பெனிக்குத் தீப்பற்றும் தின்னர் இறக்கிவிட்டு நிற்கிறார். தொட்டியில் விரிசல், டிரான்ஸ்போர்ட் நகரில் வெல்டிங் வைக்க வேண்டும். போனில் கேட்டேன், வண்டி காலியா என்று.

“காலிங்க அம்மணி. சொட்டு இல்லீங்க.”

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “காலி ஹை நா? ஜல்தி பேஜோ.” காலிதானே, சீக்கிரம் அனுப்பு என்று.

காலி என்று எழுதி அனுப்பினேன். ஊருக்குள் போகலாம்.

ஜூன் 4, புதன்

 

காலை வேறொரு வண்டிக்காக விதிப் புத்தகம் புரட்டினேன். சீட்டில் மூன்று கட்டம் உண்டு: நிறைந்தது, காலி, கழுவியது. இறக்கிய பின் கழுவாத டேங்கர், நிறைந்த டேங்கருக்குச் சமம். உள்ளே ஆவி நிற்கும். நெருப்பு பட்டால் வெடிக்கும். ஒன்றரை வருடமாக மூன்றாம் கட்டத்தை நான் கவனித்ததே இல்லை. தமிழிலும் காலி, இந்தியிலும் காலி. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாரப்பன் அண்ணன் போன் அணைந்திருந்தது. மேனேஜர் சொன்னது: “ஒண்ணும் ஆகாது மேடம், லஞ்ச் சாப்பிடுங்க.” சாப்பாட்டு டப்பாவை மேஜையிலேயே விட்டுவிட்டு மெட்ரோ. பிறகு ஈ-ரிக்‌ஷா. டிரான்ஸ்போர்ட் நகரில் நூறு டேங்கர். நம்பர் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டிருந்தார். கத்தினேன். கேட்கவில்லை. ஓடிப்போய் விரிசலுக்கு முன்னால், மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஹட் ஜாவோ, பெஹன்ஜி.” தள்ளிப் போகச் சொன்னார். கையில் சீட்டை ஆட்டிக் காட்டினார். என் கையெழுத்து. காலி.

மாரப்பன் அண்ணன் இன்னும் கோபமாக வந்தார். “நாலு நாளா வெயில்ல காயறேனுங்க. ஒட்ட வெச்சா ஊரப் பாத்துப் போயிருவேன். நீங்க ஏனுங்க குறுக்க உக்காந்துக்கறீங்க? போட்டோவுக்குப் போஸ் குடுக்கவா?”

“மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கண்ணா. அப்புறம் மேல ஏறி மூடியத் திறந்து பாருங்க. வாசனை இல்லேன்னா நான் எந்திரிக்கிறேன்.”

முணுமுணுத்தபடியே அணைக்கச் சொன்னார். ஏறினார், திறந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருமல். கண்ணில் தண்ணீர். இறங்கி வந்து துண்டால் முகம் துடைத்தார்.

“காலியான்னு கேட்டீங்க, காலின்னேன். கழுவியாச்சான்னு கேக்கவே இல்லீங்களே.”

ஆமாம், நான் கேட்கவில்லை. 

வெல்டர் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார், தினமும் இப்படித்தான் வருகிறது, சீட்டைப் பார்த்துத்தான் நெருப்பு வைக்கிறோம் என்று.

ஜூன் 5, வியாழன்

டேங்கர் நீராவியில் கழுவப் போயிற்று. இரண்டு நாள் ஆகும்.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். அனுமதி இல்லாமல் வெளியே போனதற்கு மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம். வண்டி நின்ற நஷ்டம் பற்றி அரைமணி நேரம். வெடித்திருந்தால் என்று ஆரம்பித்தேன். “வெடிக்கலையே?” என்றார்.

நோ என்ட்ரி நேரம் முடிய ஐந்து நிமிடம் முந்தி ஊருக்குள் நுழைந்தால் டிரைவருக்கு அபராதச் சலான். பொய்ச் சீட்டு கொடுக்கிற எங்களுக்கு ஏசி அறை.

கடிதம் எழுதிக் கொடுத்தேன். ‘சீட்டில் காலி என்று எழுதியது என் தவறு. போய் நிறுத்தியது தவறு இல்லை. இனிக் கழுவிய சான்று பார்க்காமல் சீட்டுப் போட மாட்டேன்.’ இரண்டு முறை படித்தார். கிழிக்கவில்லை. திங்கள் முதல் சீட்டு வேண்டாம், வருகைப் பதிவு பார்க்கப் போ என்றார்.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தண்ணீர் இல்லை. வாளிகள்.

அப்பாவிடம் சொன்னேன். அமைச்சகக் குமாஸ்தா, முப்பது வருடம். திருநெல்வேலி நாக்கு இன்னும் மாறவில்லை.

“ஏட்டி, ரூலு ஃபைல்ல கெடக்கதுக்குத்தான் எழுதுதாவ. நீ அத வெளிய எடுத்தா மேல இருக்கவனுக்குக் கோவம் வரத்தான செய்யும்?”

“வரட்டும்ப்பா.”

“வேல போச்சுன்னா?”

“வேற தேடுவேன்.”

பேப்பரை விரித்துக்கொண்டார். திரும்பவும் மடித்தார். “அந்த வெல்டருக்குப் பிள்ளைகுட்டி இருக்கா?” அவரிடம் அதைக் கேட்கவில்லை என்றேன்.

மாலை டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுவில் என் குரல் பதிவைப் போட்டேன். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. கழுவிய சான்று கையில் இல்லாமல் வண்டியைப் பட்டறைக்குள் விடாதீர்கள், ஆபீஸ் சீட்டு என்ன சொன்னாலும், நான் எழுதிய சீட்டாகவே இருந்தாலும்.

மேனேஜர் மெசேஜ்: யாரைக் கேட்டுப் போட்டாய்? யாரையும் கேட்கவில்லை என்று பதில் அனுப்பினேன்.

ஜூன் 9, திங்கள்

புழுதிக்காற்று. பல்லில் மண்.

வருகைப் பதிவு மேஜைக்குப் போகவில்லை. பழைய மேஜையிலேயே உட்கார்ந்தேன். எழுந்திரு என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. மேனேஜர் இரண்டு முறை கடந்து போனார், போனைப் பார்த்தபடி.

பத்தரைக்குள் காலி டேங்கருக்குச் சீட்டு கேட்டு மூன்று விண்ணப்பம் வந்தது. இரண்டில் கழுவிய சான்று இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.