படைப்பதற்கு முன் எடுத்து வைத்த பங்கு

அக்கா,

இன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது வெல்லம் அடிப்பிடித்த வாசனை வந்தது. செல்லியம்மன் கோவில் முன்னால் வரிசையாக அடுப்பு மூட்டிச் சித்திரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். எவளோ ஒருத்தி பேச்சு சுவாரசியத்தில் கிளற மறந்துவிட்டாள். மற்றவர்களுக்கு அந்த வாசனையில் நாக்கு ஊறும். எனக்கு உன் நினைவும் அதோடு கோபமும் வந்தது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது, உன்னைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் விஷயத்தில் நான் செய்தது பாவம், அதற்காக மனம் வருந்தினேனா என்று விசாரித்தார். இல்லை என்றேன். அந்த இல்லையை உன்னிடமும் ஒருதரம் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கோடையில் நாங்கள் ஆறு பேர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தோம், மூன்று பெண்கள், மூன்று பையன்கள். கல்லூரி முடித்த கையோடு இரண்டு மாத ஊழியம். காலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, சாயங்காலம் ஒரகடத்தைச் சுற்றியுள்ள பெண்கள் ஹாஸ்டல்களில் ஜெபக்கூட்டம். பெண்களுக்குக் கிடைத்தது சேரப்பணஞ்சேரியில் உங்கள் வீட்டு மாடியில் தகரம் போட்ட அறை. மற்ற இரண்டு பேருக்கும் அது ஒரு நல்ல லீவு. எனக்கு அப்படி இல்லை. மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்த என் அம்மா, நாலாவது தங்கினால் ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டு பெற்றவள் நான். இரண்டு மாதத்தை ஒழுங்காக முடித்தால் முழுநேர ஊழியத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சபையில் பேசி வைத்திருந்தார்கள். ஊரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிட ‘நேர்ச்சைப் பிள்ளை’ என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம்.

நீ வீட்டுக்காரம்மாவின் மகள். கல்யாணமாகி எட்டே மாதத்தில் திரும்பி வந்தவள். ஏன் என்று கேட்டவர்களிடம், “ஒத்து வரல, வந்துட்டேன்” என்று ரேஷன் அரிசியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாய். கார் லைட் செய்கிற கம்பெனியில் உனக்குச் செக்கிங் வேலை. ஒவ்வொரு லைட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கவேண்டும். அந்தப் பார்வை வீட்டிலும் உன்னை விட்டுப் போகாது. என் புது பைபிளை வாங்கி அட்டையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “கோடு கீது பாப்பா, மாத்திக்கினு வா” என்றாய். முதல் வாரம் உன்னை நீங்க என்று கூப்பிட்டதற்கு, உனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை என்று என்னை அதட்டினாய்.

வந்த பத்தாம் நாள் சித்திரைப் பொங்கல். ஒரு தூக்கு நிறையப் பொங்கலோடு மாடி ஏறி வந்தாய். படைத்ததைச் சாப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வயிறு சரியில்லை என்றேன். ஊழியத்துக்கு வந்தவள் சொன்ன முதல் பொய் அது. உன்னிடம் அது நிற்குமா? “பொய் சொல்லாத. ஒங்க சாமிக்கு ஆவாதுன்னா ஆவாதுன்னு சொல்லு” என்றாய். சொன்னேன். தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாய், இனிமேல் மேலே வரமாட்டாய் என்று நினைத்தேன். அமாவாசையன்று வடையும் பாயசமுமாக வந்து படியிலேயே நின்றாய்.

“படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிட்டேன். யாரும் தொடல, சாமியும் பாக்கல. துன்னு.”

அதற்கப்புறம் உன் வீட்டில் எது படைத்தாலும் அதற்கு முன்பே என் பங்கு தனியாக மாடிக்கு வந்தது. நான் கேட்கவில்லை. நீயும் அதை ஒரு பெரிய காரியமாகச் சொல்லிக்காட்டியதில்லை.

ஹாஸ்டல்களுக்கு நீயே எங்களைக் கூட்டிப் போனாய், வார்டன்கள் எல்லாரும் உனக்குத் தெரிந்தவர்கள் என்பதால். சிவகங்கையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்த பெண்கள், ஒன்பது மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் மனப்பாடம் செய்த செய்தியைச் சொல்வேன். நீ பின்னால் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாய். ஒரு நாள் கரண்ட் போன நேரத்தில் ஒருத்தி, அப்பா சாவுக்கு லீவு கிடைக்காமல் போனதைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். எனக்குச் செய்தி மறந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். இருட்டில் அங்கே இருந்த பதினோரு பேரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். யாரோ நடுவில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. திரும்பி வரும் வழியில் நீ கேலி செய்தாய், நான் இத்தனை நாள் பேசியது எதுவும் உனக்கு விளங்கவில்லை, இன்றைக்கு அழுதது மட்டும் விளங்கியது என்று.

விடியற்காலையில் தகர அறைக்கு வெளியே மொட்டை மாடியில் முழங்கால் போட்டு ஜெபிப்பேன். ஒரு நாள் நடுவில் கண்ணைத் திறந்துவிட்டேன். துணி உலர்த்த வந்த நீ, பிழிந்த புடவையை உதறாமல் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் உன் காலில் சொட்டச்சொட்ட நின்றிருந்தாய். உதறினால் சத்தம் வருமாம். காலை ஷிப்டுக்கு பஸ் வருகிற நேரம் வேறு. கடவுள் இருக்கிறார் என்று அந்தக் கோடையில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது இரண்டு இடத்தில். ஒன்று அந்த ஹாஸ்டல் இருட்டு, இன்னொன்று நீ உதறாமல் நின்ற அந்தப் புடவை. இரண்டையும் எழுத எங்கள் நோட்டில் இடமில்லை.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கூட்டம் முடிந்ததும் எங்கள் குழுத்தலைவர் அண்ணன் அதை எடுத்துக் கொடுப்பார். யாரைச் சந்தித்தோம், யாரோடு ஜெபித்தோம் என்று அவரவர் பக்கத்தில் எழுதவேண்டும். கடைசிக் கட்டத்துக்கு ‘ஏற்றுக்கொண்டவர்கள்’ என்று தலைப்பு. மற்றவர்கள் பக்கங்களில் பேர்கள் இருந்தன. என் பக்கத்தில் ஐந்து வாரமாக வெறும் கோடு. அண்ணன் நல்லவர், ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. “பாரத்தோட ஜெபி தங்கச்சி” என்பார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அந்த ஐந்தாவது வாரக் கடைசியில் உன்னிடம் நேராகவே கேட்டேன், இயேசுவை ஏற்றுக்கொள்கிறாயா என்று. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “நான் எந்த சாமிய வேணான்னேன்? உன் சாமியையும் கும்புட்டுக்கறேன், போ” என்றாய். உங்கள் பக்கத்தில் நூறு பேரைக் கேட்டால் நூறு பேரும் இதைத்தான் சொல்வார்கள். மாதா கோவிலுக்கும் போவார்கள், தர்காவுக்கும் போவார்கள், திரும்பி வந்து செல்லியம்மனுக்குக் கற்பூரமும் ஏற்றுவார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அன்று கடைசிக் கட்டத்தில் உன் பேரை எழுதினேன். அண்ணன் ஸ்தோத்திரம் சொல்லிக் கண்கலங்கினார். அன்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாளே நீ பார்த்துவிட்டாய். எழுதி முடிக்க நாங்கள் வாங்கி வந்து அறை ஜன்னலில் விரித்து வைத்திருந்த நோட்டில் உன் பேர். எப்போதும் சத்தமாகப் பேசுகிற நீ அன்று மெதுவாகப் பேசினாய்.

“என்னாண்ட ஒரு வார்த்த கேக்காம என் பேர எழுதிக்கினியா?”

நீ அன்றைக்குச் சொன்னதைத்தான் எழுதினேன் என்று மழுப்பினேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், லைட்டைச் சாய்த்துப் பார்க்கிற அதே பார்வை. கீறல் விழுந்த ஒரு பெட்டி லைட்டுகளைப் பரவாயில்லை என்று அனுப்பச் சொன்ன சூப்பர்வைசரிடம் மாட்டேன் என்று நின்று, ஒரு வாரம் ஓவர்டைம் சம்பளம் இல்லாமல் போனவள் நீ. “நான் இன்னான்னு எனக்குத் தெரியும். அந்தப் பேர அடிச்சிடு” என்றாய். அடித்துவிடுகிறேன் என்று உன் கையில் அடித்துச் சொன்னேன்.

அன்று அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. அண்ணனின் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கட்டம் மறுபடி காலியாகிவிடுமே என்கிற பயம். நாலாம் நாள் காலையில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு ஸ்கூட்டியில் போனாய். ஒரகடம் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி. அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை அக்கா.

உன் பதினாறாம் நாள் காரியம் வந்தபோது நாங்கள் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது. சடங்கு நடக்கிற இடம், போகவேண்டாம் என்றார் அண்ணன். போனேன். உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, நீ விரும்பித் தின்கிற காராபூந்தியும் நீ குடிக்கிற கறுப்பு கூல்டிரிங்க்ஸும்கூட வைத்திருந்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். அழுது முகம் வீங்கியிருந்த உன் அம்மா அடுப்படியிலிருந்து மூடிய தட்டோடு வந்து என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்தார்.

“அவளுக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே உனுக்கு எடுத்து வச்சிட்டேன்மா. இல்லன்னா என்னாண்ட சண்டைக்கு வந்துடுவா.”

சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். மகளை எரித்துப் பதினாறே நாள் ஆன ஒரு தாய், அத்தனை உறவுக்கூட்டத்துக்கும் அழுகைக்கும் நடுவில், என் வேதத்துக்கு எது ஆகும் எது ஆகாது என்று யோசித்திருக்கிறார். நான் அவருடைய மகளின் பேரைக் கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊருக்குப் போகும் ரயிலில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லி, பேரை அடிக்கவேண்டும் என்றேன். அவர் அதற்குள் சபைக்குத் தகவல் சொல்லியிருந்தார். ஏற்றுக்கொண்ட ஒரே வாரத்தில் கர்த்தர் உன்னை எடுத்துக்கொண்டார், எப்பேர்ப்பட்ட கிருபை என்று. ஸ்தோத்திர ஆராதனையில் அதை நான் சாட்சியாகச் சொல்லவேண்டும், அதோடு என்னை முழுநேர ஊழியத்துக்கு அறிவிப்பார்கள். கடைசி நிமிஷத்தில் உன் உள்ளத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். “தெரியாது அண்ணே. தெரியாததனாலதான் எழுத எனக்கு உரிம இல்ல” என்றேன். இறந்தவளுக்கு இதில் என்ன நஷ்டம், என் அம்மாவையாவது நினைத்துப் பார்க்கச் சொன்னார். நினைத்துப் பார்த்தேன். விருதுநகர் தாண்டும்வரை நினைத்துப் பார்த்தேன்.

ஆராதனையில் அம்மா முன் வரிசையில் புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். மைக் என் கைக்கு வந்தது.

“நா எழுதின பேரு பொய். என் கட்டம் காலியா இருந்துச்சுன்னு எழுதினேன். அவ அடிக்கச் சொன்னா, நா அடிக்கல. இப்ப ஒங்க எல்லார் முன்னாலயும் அடிக்கேன்.”

ஒரு ஆமென் வரவில்லை. வாசலில் ஒரு பெரியம்மா, பரலோகத்துக்குப் போன ஆத்துமாவை நானே நரகத்தில் தள்ளிவிட்டேன் என்று சொல்லி அழுதார். ஊழியத்துக்கு என்னை எடுக்கவில்லை. அம்மா வீட்டுக் கதவைத் திறக்கும்போது சொன்னாள்: “என் நேர்ச்சைய மைக்குல வச்சு ஒடச்சுட்டியேட்டி.” அதற்கப்புறம் ஐந்து மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

நான் விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். சொல்லட்டும். இதே ஊருக்குத் திரும்பி வந்தேன், வயரிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன், அதே மாடி அறையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு கோவில் தெரு வழியாகவே சபைக்குப் போகிறேன். மதம் மாற்ற வந்தவளோ என்று கோவில் தெருவில் முணுமுணுத்தவர்களை உன் அம்மா, “எங்க வூட்டுப் பொண்ணு, உன் வேலயப் பாரு” என்று விரட்டினார். அந்த வீட்டில் ஒருவரையாவது கர்த்தருக்கு ஆதாயப்படுத்தினாயா என்று சபையில் கேட்கிறவர்களை நானே விரட்டிவிடுகிறேன். ஹாஸ்டலுக்கு இப்போதும் போகிறேன், நோட்டு இல்லாமல். அங்கே அழுகிறவளுக்குப் பக்கத்தில் உட்கார எவருடைய அனுமதிக் கடிதமும் எனக்கு வேண்டாம்.

ஆனால் அந்தப் பெரியம்மா சொன்னது மட்டும் என்னை விடவில்லை. இறந்தவர்களுக்காக ஜெபிக்கக்கூடாது என்பது எங்கள் சபையின் போதனை. மூச்சு நின்றதோடு எல்லாம் முடிந்தது, இனித் தீர்ப்புதான் என்பார்கள். நான் ஜெபிக்கிறேன். தினமும் விடியற்காலையில் மாடியில், உன் பேரைச் சொல்லி, வாய்விட்டு. ஆரம்பத்தில் பயந்து கெஞ்சினேன், இப்போது சண்டை போடுகிறேன். ஆண்டவரே, அவளுக்கு உம்மிடத்தில் இடம் இல்லை என்று இவர்கள் சொல்கிறார்கள், அது நிஜமென்றால் எனக்கு வைத்திருக்கிற இடத்தையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடும், அவளை எங்கே நிறுத்தியிருக்கிறீரோ அங்கே நானும் நின்றுகொள்கிறேன் என்கிறேன்.

இதுவரை பதில் வரவில்லை அக்கா. நாளைக்கும் கேட்பேன்.