முப்பதுக்கு இருபத்தொன்பது

எசன், ஜேர்மனி, மார்ச் 9

அம்மா,

களைப்பாக இருக்கிறது. ஆனாலும் இதை இன்றே எழுதவேண்டும்.

நான் வேலை செய்யும் மருத்துவமனையில் ஓர் ஆபிரிக்க நாட்டின் பழைய ஜனாதிபதி படுத்திருக்கிறார். இராணுவ ஜெனரல். துப்பாக்கியோடு வந்து இருபத்திரண்டு வருடம் ஆண்டவர். நான்தான் அவரைக் கழுவித் துடைக்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் மரியாமா அந்த நாட்டுக்காரி. அவளுடைய தம்பியை ஜெனரலின் ஆட்கள் பிடித்துப்போய்ப் பதினாறு வருடமாகிறது. எங்கே புதைத்தார்கள் என்று தெரிந்தால் போதும் என்கிறாள்.

இன்று ஜெனரலுக்கு ஞாபகசக்திச் சோதனை. முப்பதுக்கு இருபத்தொன்பது எடுத்தார். ஆட்சியைப் பிடித்த நாளையும் அன்று பெய்த மழையையும் கேட்காமலே சொன்னார். பன்னிரண்டு அமைச்சர்களின் பெயரையும் வரிசையாக ஒப்புவித்துவிட்டு, "இன்னும் கேள், சின்னப் பெண்ணே" என்று சோதித்த இளம் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

டாக்டர் போனதும் மரியாமா தம்பியின் படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவனை அடைத்துவைத்த முகாமின் பெயரையும் சொன்னாள்.

"எனக்கு வயதாகிவிட்டது மகளே. ஒன்றும் ஞாபகமில்லை."

பிறகு மணியை அடித்தார். நாளை எங்கள் இருவரையும் நிர்வாகம் கூப்பிட்டிருக்கிறது.

போனகிழமை தொலைபேசியில் நீங்கள், "அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டுபோன ஆமிக்காரருக்கு இப்ப எல்லாம் மறந்திருக்கும் பிள்ளை. அவன்ரை படத்தை வைச்சுக்கொண்டு மற்றத் தாய்மாரோட நான் ஏன் இனியும் றோட்டில போராட்டத்தில இருக்கவேணும்?" என்று கேட்டீர்கள். நானும் "ஓம், விடுங்கோ" என்றேன்.

தவறாகச் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ஒன்றும் மறக்கவில்லை. போய் இருங்கோ, அம்மா.

உங்கள் கடைக்குட்டி