ரீவிக்குக் கதை எழுதின வோல்ற்றர் அண்ணைக்கு

என்ர அன்பான வோல்ற்றர் அண்ணை,

தமிழில எழுதிறன் எண்டு கோவிக்காதேங்கோ. உயிரோட இருக்கேக்க என்ர இங்கிலீசைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சனீங்கள். இப்ப இருக்கிற இடத்தில எந்தப் பாஷையும் விளங்கும்தானே?

நேற்றுப் பின்னேரம் உங்கட பழைய பொலிஸ் நாடகம் ஒண்டு ரீவியில திரும்பப் போட்டவங்கள். முடிவில உங்கட பேர் இரண்டு செக்கன் வந்து போச்சு. தர்சினி துள்ளி எழும்பி, "அப்பா, பெரியப்பான்ர பேர்!" எண்டு கத்தினாள். ஓம் அண்ணை, என்ர மகள் வந்திட்டாள். என்ர மனிசி யோகமும் வந்திட்டா. நீங்கள் கண்மூடி மூண்டாம் கிழமை இரண்டு பேரும் வந்து இறங்கினவை. எயார்போட்டுக்கு நானும் வாறன் எண்டு சொன்னனீங்கள், ஞாபகம் இருக்கோ?

உங்களைப் பற்றி அவைக்குச் சொல்லுறதெண்டால், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபறோவில எங்கட பில்டிங்கின்ர அடியில இருக்கிற உடுப்புத் தோய்க்கிற அறையிலதான் தொடங்குவன். என்ர அகதி விசாரணைக்கு இன்னும் மூண்டு மாசம் இருந்தது. றூமில இருந்த பெடியள் தந்த கதையை இங்கிலீசில பாடமாக்கிக் கொண்டு மெஷினுக்கு முன்னால அங்கயும் இங்கயும் நடந்தனான். ஏழு நாள் சிறை, அடி, பிறகு தப்பி ஓட்டம். அதைச் சொல்லி இரண்டு பேருக்குக் கேஸ் சரிவந்ததாம். அதால எங்கட ஆக்கள் அந்தக் கதையைக் கைமாத்திக் கொண்டே இருந்தவை. சொந்தக் கதை காணாது எண்டு எங்களுக்கு ஒரு நினைப்பு.

நீங்கள் மூலையில சேட்டுக் காயுமட்டும் பேப்பர் பாத்துக் கொண்டிருந்தீங்கள். தலையை நிமித்தி, "இந்த வசனத்தை எந்த மடையன் எழுதினவன்?" எண்டு கேட்டீங்கள்.

எனக்குப் பத்திக் கொண்டு வந்தது. "இது என்ர வாழ்க்கை," எண்டன்.

"அப்பிடியோ? அந்த ஏழு நாளும் என்ன சாப்பிட்டனீர்?"

நான் மெஷின் கதவைத் திறந்து ஈர உடுப்பை இழுத்தன்.

"இருபத்தஞ்சு வருஷம் ரீவிக்குப் பொய் எழுதிச் சீவிச்சவன் நான். பொய்யைக் கண்டால் எனக்குத் தெரியும்," எண்டீங்கள்.

போகப் போகத்தான் உங்கட கதை தெரிஞ்சது. லொஸ் ஏஞ்சல்ஸில ஒரு ஸ்ரூடியோவில கடிதம் காவிற வேலை. ஒருநாள் எழுதுற ஆள் வராமல் விட, ஒரு காட்சியை நீங்கள் எழுதிக் குடுத்து உள்ள நுழைஞ்சிட்டீங்கள். அதுக்குப் பிறகு பொலிஸ்காரர், டொக்டர்மார், கள்ளர், எல்லாற்றை வாயிலையும் உங்கட வசனம்தான். செலவு குறைவெண்டு நாடகத்தை ரொறன்ரோவில எடுக்க வந்தனீங்கள். எங்கட றோட்டை நியூயோர்க் ஆக்கிறதுக்குக் குப்பையைக் கொண்டு வந்து கொட்டி, படம் எடுத்த பிறகு திரும்ப அள்ளிக் கொண்டு போவினமாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்கள்.

நாடகத்தை நிப்பாட்டினாப் பிறகு மற்ற எல்லாரும் திரும்பிப் போச்சினம். நீங்கள் ஏன் போகேல்லை எண்டு கேட்டன். "அங்க எயார்போட்டில எனக்காக ஆரும் நிக்க மாட்டினம்," எண்டீங்கள். அதுக்கு மேல நான் கேக்கேல்லை. கேட்டிருக்க வேணுமோ அண்ணை?

ஒவ்வொரு காட்சியையும் ஒரு சின்ன மட்டையில எழுதிச் சுவரில வரிசையா ஒட்டுறது உங்கட தொழில் பழக்கம். என்ர வாழ்க்கையையும் அப்பிடித்தான் உங்கட குசினிச் சுவரில ஒட்டினீங்கள். நடுவில ஒரு இடம் வெறுமையாக் கிடந்தது. அதைத் தொட்டு, "இஞ்ச என்ன நடந்தது?" எண்டு நாலு ஞாயிற்றுக்கிழமை கேட்டீங்கள். ஐஞ்சாம் கிழமை சொன்னன்.

ஊரில சண்டை நேரம், நாங்கள் போன பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கினவங்கள். என்ர அண்ணன் குகன் எனக்குப் பக்கத்தில நிண்டவன். துவக்கு வைச்சிருந்தவன் அவனைக் காட்டி, "இவன் உனக்கு ஆர்?" எண்டு கேட்டான். "தெரியாது" எண்டன். என்னை விட்டிட்டாங்கள். குகன் திரும்பி வரேல்லை. பெத்த தாய்க்கும் நான் அதைச் சொன்னதில்லை.

நீங்கள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுத் தந்தீங்கள், சீனி போட மறந்திட்டீங்கள். பிறகு நான் சொன்னதை ஒரு மட்டையில எழுதி அந்த வெறும் இடத்தில ஒட்டி, "இதை ஒரு சொல்லும் மாத்தாமல் சொல்லும்," எண்டீங்கள்.

விசாரணையில அதைத்தான் சொன்னன். என்னை ஏற்றுக் கொண்டினம். நீங்கள் வெளியில மர வாங்கில இருந்து நித்திரையாப் போனனீங்கள். எழுப்பிச் சொல்ல, என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதீங்கள்.

யோகத்தையும் பிள்ளையையும் இஞ்ச எடுக்கிற கடதாசி அலுவல் இழுபட இழுபட, உங்களுக்கு நெஞ்சு வருத்தம் முத்திப் போச்சு. கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில நேர்ஸ் என்னை மறிச்சா. "சொந்தக்காரரை மட்டும்தான் விடலாம். அவர் உங்களுக்கு ஆர்?"

அதே கேள்வி அண்ணை.

"என்ர அண்ணை," எண்டன்.

அவ என்ர கறுத்த முகத்தைப் பாத்தா. கண்ணாடிக்குள்ளால உங்கட வெள்ளை முகத்தைப் பாத்தா. பிறகு கதவைத் திறந்து விட்டா. உங்கட கையைப் பிடிச்சுக் கொண்டு நடந்ததைச் சொன்னன். கண்ணைத் திறக்காமலே, "நல்ல வசனம்," எண்டு சிரிச்சீங்கள்.

குகனைப் பற்றின அந்த மட்டை இப்ப என்னட்டை இருக்கு. அதை முன்னால வைச்சுக் கொண்டு இந்தக் கிழமை அம்மாவுக்கு எழுதுவன், ஒரு சொல்லும் மாத்தாமல். அவ என்னை மன்னிப்பாவோ தெரியாது. ஆனால் எழுதுவன். இனி எந்த வாசலில வைச்சு ஆர் கேட்டாலும், எனக்கு இரண்டு அண்ணன்மார் எண்டுதான் சொல்லுவன்.

உங்கட தம்பி,
நேசன்