செங்கல் கூண்டு வாசலில் தூவிய புற்றுமண்

இன்று காலை உமது சம்சாரம் ஒரு தகர டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்ததும், சங்கரன்கோவிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண் வாசம். செத்த பிறகும் என்னைச் சோதிக்கிறீரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

உமது புஞ்சைக் காட்டில் உயரமாக நிற்கும் அந்தச் செங்கல் புகைக்கூண்டு, வெள்ளைக்காரன் சுரங்கம் தோண்டிய காலத்தில் கட்டியதாம். எதைத் தோண்டினான், ஏன் பாதியில் போனான், ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் தங்கம் இருக்கும் என்று ஊர் பேசியது. நீரோ சொந்த நிழலையும் நம்பாத ஆள். ஆடு மேய்க்கிறவர் அங்கே ஒதுங்கினால்கூடப் போய் விசாரிப்பீர். கடைசியில், குனிந்து நுழையும் அந்த வாசலில் புற்றுமண்ணைத் தூவி வைத்தீர். "நம்ம ஊர்க்காரன் எவனும் அம்மன் மண்ண மிதிக்க மாட்டான் வே" என்றீர்.

எனக்கு உம்மேலேயே சந்தேகம். வெறும் கூண்டுக்கு எதற்கு இத்தனை காவல்? நீர் ராயகிரிக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று, செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணை மிதிக்காமல் தாண்டினேன். உள்ளே கரி படிந்த செங்கல், புறா எச்சம், மேலே வட்டமாக வானம். அவ்வளவுதான். வெளியே வரும்போது பழக்கதோஷம், ஒரு சிட்டிகை மண்ணெடுத்து நெற்றியில் பூசிக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவர் என் நெற்றியைப் பார்த்தீர்.

"கோயிலுக்கா வே?"

ஆமாம் என்றேன். மறுநாள் மண்ணில் என் விரல் தடத்தைப் பார்த்திருப்பீர். நீர் அதைப்பற்றிக் கேட்கவே இல்லை, பேச்சைத்தான் குறைத்துக்கொண்டீர். கூண்டைப் பற்றி நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

டப்பாவைக் கொடுக்கும்போது உமது சம்சாரம் சொன்னார்: "உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா ஒரே வாரத்துல செங்கலப் பூராம் பேத்துட்டுப் போயிருவாங்கன்னு அவுகளுக்குப் பயம். தெரிஞ்சும் வெளிய சொல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தானாம் அண்ணாச்சி. அதான் ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எங்கே வே கூண்டைக் காப்பாற்றினேன்? உள்ளே போன கதை வெளியே வந்துவிடுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதையும் உம்மிடம் சொல்லவில்லை.

மாலையில் போய் வாசலில் மண்ணைத் தூவிவிட்டு வந்தேன். திரும்பும்போது எதிரே வந்த ஒவ்வொருவர் நெற்றியையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.