அத்தானின் மூச்சுப் பை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் மூச்சு பத்திரமாக வந்து சேர்ந்தது. பை, அவரைப் போலவே உப்பிக்கொண்டு என்னை முறைத்தது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி இழை இருக்கிறது. அதன் நடுவே முடியளவு துளை. அதற்குள் மூச்சையும் லேசர் ஒளியையும் சேர்த்து அனுப்புவோம். மூச்சில் அம்மோனியா இருந்தால் தன் பங்கு ஒளியைத் தின்றுவிடும். சிறுநீரகம் படுத்துக்கொண்டால் அம்மோனியா ஏறும். நேற்று என் மூச்சையே ஊதிப் பார்த்தேன். "சார், மெஷினுக்கு மயக்கமே வந்துடுச்சு" என்கிறாள் கூட வேலை செய்பவள்.

அத்தானுக்கு அளவு கூடுதல்தான். உடனே அழ உட்காராதே. இந்த அம்மோனியா, கிளம்ப மனசில்லாத விருந்தாளி. குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். முன்னால் ஊதியவனுடையதாகவும் இருக்கலாம். இதோடு ஒரு காலிப் பை வைத்திருக்கிறேன், அவரை ஊதச் சொல்லி அனுப்பு. அவருக்குள் இருப்பது நீ கொடுத்த சிறுநீரகம். லேசில் விட்டுக்கொடுக்குமா?

உன் வாயாடித் தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நான் விட்ட பெருமூச்சும் அதுல தெரியுதான்னு கேளு" என்கிறார் உன் அத்தான். மாற்றிவைத்த கிட்னி ஒத்துழைக்கவில்லை என்று டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். இவர் அதை நம்பவில்லை. மச்சான் மெஷின் சொன்னால்தான் நம்புவாராம்.

பை அனுப்பியிருக்கிறேன். பார்த்து எழுது.

அக்கா

மார்ச் 19

அக்கா!

இழையை நைட்ரஜன் விட்டு நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பார்த்தேன். அம்மோனியா இறங்கிவிட்டது! என் மூச்சைவிடச் சுத்தம். நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்து, "லேசர் கண்ணுல பட்டுடுச்சாய்யா?" என்று பதறி ஓடிவந்தார் எங்கள் தலைவர். அத்தானிடம் சொல், அடுத்த மாதம் வருகிறேன், சீட்டாட்டத்தில் அவர் செய்யும் தில்லுமுல்லுக்குத் தயாராக.

தம்பி

மார்ச் 26

தம்பிக்கு,

உன் கடிதத்தை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "பாத்தியா, உன் கிட்னி என்னைக் கைவிடல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அரைத் தம்ளர் பால் குடித்தார்.

அந்தப் பையில் இருந்தது என் மூச்சுடா. அவர் ஊதினார்; கால் பைகூட நிரம்பவில்லை. இருமி இருமித் தூங்கிப்போனார். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அவர் நம்புகிற ஒரு வாயிலிருந்தாவது நல்ல வார்த்தை வரட்டும் என்று நான் ஊதிக் கட்டினேன். உன் மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. முதல் தடவையும்தான்.

திட்டுவதென்றால் எனக்குத் தனியாக எழுது. அவர், ஊத அடுத்த காலிப் பை உன்னிடமிருந்து எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பை தீர்ந்துவிட்டது என்று அவருக்கு ஒரு வரி போடு. வழக்கம்போல ஏதாவது கேலி சேர்த்து.

அக்கா