மண்ணெண்ணெய் முடிஞ்ச இறுவட்டு

ஜூன் 3, செவ்வாய்

கச்சான் காற்று. மேசை முழுக்கப் புழுதி. என் நகைச்சுவை இறுவட்டு எப்படிப் போகிறது என்று பார்க்க சிவத்தின் கடைக்குப் போனேன். வைத்தது வைத்தபடி.

"அண்ணை, உங்கட சீடி ஊரெல்லாம் ஓடுது."

"பிறகென்ன?"

"என்ட கடையில இருந்து ஓடேல்ல."

இது விற்றால்தான் இரண்டாவது. இல்லையென்றால் என் கலைவாழ்க்கை ஒரே வட்டோடு சரி.

காரணம் என் மனைவி புஷ்பம் என்றே நினைத்திருந்தேன். வீட்டில் பதிவு. சிரிப்பு உச்சிக்குப் போகும் இடத்தில் குசினி அடுப்படியிலிருந்து அவள் குரல்: "இஞ்சேருங்கோ, மண்ணெண்ணெய் முடிஞ்சுது." பதிவுகாரர் ஊரடங்குக்கு முன் வீடு சேரவேண்டும். திருப்பிச் செய்ய ஏலவில்லை. அப்படியே வெளியிட்டேன். கேட்டவர்களிடம், பக்கத்து வீட்டுச் சத்தம் என்று.

ஜூன் 5, வியாழன்

வெயில். உப்புவெளி பஸ். சோதனைச்சாவடியில் பஸ் வரிசையில் நிற்கும்போது அதன் ஸ்பீக்கரில் என் குரல். புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்தேன். ஒருவருக்கும் ஆளைத் தெரியவில்லை. பக்கத்து மனுசி, "அசையாம இருங்கோ ஐயா, கேக்க விடுங்கோ."

அந்த இடம் வந்ததும் பஸ் முழுக்க ஒரே குரலில்: "மண்ணெண்ணெய் முடிஞ்சுது." யன்னலோரம் நின்ற, தமிழ் தெரியாத ஆமிக்காரனும் சிரித்தான்.

எங்கே வாங்கியது என்று கண்டக்டரிடம் கேட்டேன். "வாங்கிறதோ? நசீர் கொப்பி அடிச்சுத் தாறார்."

ஏன் விற்பதில்லை (எனக்கு மட்டும்):
– ஒருவர் வாங்கினால் ஒரு தெருவுக்கே போதும்.
– ஆமி பாதையைப் பூட்டினால் சிவத்தின் பெட்டி போகாது. கொப்பி மடிக்குள் இருந்து தூரத்துக் கிளிவெட்டிக்கே போய்விடும்.
– என் அலுமாரியில் உள்ள படச் சீடிகளில் ஒன்றாவது அசலா? இல்லை. ஆகவே பிரசங்கம் வேண்டாம்.

ஜூன் 8, ஞாயிறு

நசீரே வீட்டுக்கு வந்தார். கதிரை நுனியில் இருந்தார்.

"ஐயா, அந்தப் பொம்பிளைச் சத்தம் ரெக்கோடிங் பிழை எண்டு, இப்ப புதுசா அடிச்சதில வெட்டிப்போட்டன். சனம் திருப்பிக் கொண்டுவருது. கள்ளக் கொப்பியாம்."

"கள்ளக் கொப்பிதானே, தம்பி."

"ஓம். ஆனா நல்ல கள்ளக் கொப்பி வேணுமாம். அதால, வெட்டாதது வேணுமெண்டு சிவத்தின்ட கடையில காசு குடுத்து ஒண்டு வாங்கினன்."

"முதல் தரமோ?"

"தொழிலிலயே முதல் தரம்."

எனக்குப் பொன்னாடை போர்த்திய மாதிரி இருந்தது. குசினியில் புஷ்பத்தின் குரல் கேட்டதும் ஆளைப் பிடித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். இரண்டாவதை அவரே செலவழித்து அடித்து விற்பாராம், எனக்குப் பங்கோடு. ஒரே நிபந்தனை: "அக்கா கத்தவேணும்."

குசினியிலிருந்து: "அட்டையில என்ட பேர் மேல வருமோ எண்டு கேளுங்கோ."

ஜூன் 11, புதன்

காற்று குறைவு. இரண்டாவது வட்டின் அட்டைக்கு மாதிரி வந்தது. புஷ்பத்தின் பெயர் பெரிதாக. என் பெயர் அடியில், அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில். வடிவாகத்தான் இருக்கிறது. ஓர்ஸ் ஹில் சந்திவரை கொண்டுபோய்க் காட்டினேன். பக்கத்து வீடில்லை, என் வீடுதான் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வந்து இருக்க, குசினியிலிருந்து "மண்ணெண்ணெய் முடிஞ்சுது." ஒத்திகை. போன முறையைவிட இயல்பு. கை தட்டினேன். மறுபடியும், கோபம் சேர்த்து. எழும்பி நின்று தட்டினேன்.

உண்மையாகவே முடிந்திருக்கிறது. மத்தியானம் சமையலில்லை, பாணும் வாழைப்பழமும்.