பெயர், வயது, பிறந்த ஊர்

என் சோம்பேறித் தம்பி, என் ராசா ரூபனுக்கு,

நேற்று உன்னைச் செய்து பார்த்தேன். மகள் ரியூசனுக்குப் போயிருந்தாள், அவளுடைய கொம்பியூட்டர் திறந்தே கிடந்தது. நீ விளையாடிய மாதிரியான ஒன்றைத்தான் அவளும் இப்போது விளையாடுகிறாள். பெரிய நாடு, காடு, மலை, எங்கும் போகலாம், யாரோடும் சண்டை பிடிக்கலாம். ஆனால் அதற்கு முதல் ஓர் ஆளைச் செய்ய வேண்டும். பெயர், வயது, பிறந்த ஊர். பிறகு கையில் தருகிற இருபது புள்ளிகளைப் பலம், வேகம், பேச்சு, அதிர்ஷ்டம் என்று பங்கு போட வேண்டும்.

உன் மூக்கு எனக்கு வரவில்லை. காதைச் சரியாக வைத்தேன், நன்றாக விரித்து. திட்டாதே, உன் காது அப்படித்தான். பலத்துக்குப் பன்னிரண்டு, வேகத்துக்கு எட்டு, பேச்சுக்கு ஒன்றுமில்லை. நீ அப்படித்தானே செய்வாய்? வயதை மட்டும் பதினேழில் வைக்க முடியவில்லை. மௌஸை எவ்வளவு இழுத்தாலும் பதினெட்டுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று நின்றது. சனியன் என்று மூடிவிட்டேன்.

டவுனில் நான் படிப்பித்த கணினி வகுப்பு நினைவிருக்கிறதா? சுனாமியில் கடல் ஊருக்குள் வருவதற்கு முந்திய வருஷம். நாவலடியிலிருந்து எனக்குச் சோறு கொண்டு வருகிற சாட்டில் வந்து, மூலையில் கிடந்த பழைய மெசினுக்கு முன்னால் குந்திவிடுவாய். ஒரு மணித்தியாலம் ஆளைச் செய்வாய். அந்த ஆள் மதிலுக்குள் நிற்பான். வாசலில் ஒரு காவல்காரன், எல்லாம் சரிதானா, வெளியே போனால் பிறகு மாற்ற முடியாது என்பான். அவ்வளவுதான், நீ திரும்பிப் போய் எல்லாப் புள்ளியையும் கலைத்து மறுபடி பங்கு போடுவாய்.

உன் ஆட்களில் ஒருத்தன்கூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. பேச்சுக்கு ஏன்டா ஒன்றும் வைக்கவில்லை என்று கேட்டால், அடிக்கத் தெரிந்தவனுக்கு வாய் எதற்கு என்பாய். உன்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை என்று வகுப்புப் பொடியன்களுக்கு முன்னால் சொல்லிச் சிரித்தேன். உன் முகம் சிறுத்துப்போனது. அதற்கும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை.

பிறகு கடல் வந்தது. அப்பாவும் வீடும் போய், றங்குப்பெட்டிக்குள் இருந்த பத்திரங்களும் போயின. மிஞ்சிய நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூட முகாமில், ஒரு வகுப்பறையின் மூலையில் கிடந்தோம். புதுப் பிறப்புப் பத்திரங்களுக்கு விண்ணப்பம் வாங்க நடமாடும் சேவை வந்தபோது, எழுத்து நல்லது என்று என்னையும் ஒரு மேசையில் இருத்தினார்கள். முகாமில் பாதிப் பேருக்கு நான்தான் நிரப்பினேன். பழைய பதிவுப் புத்தகம் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. சனங்கள் சொன்னதுதான் உண்மை, நான் எழுதியதுதான் பத்திரம்.

அந்தக் கிழமைதான் தோணி கொடுக்கப்போகிறார்கள் என்ற கதை வந்தது. தோணியும் வலையும் இலவசம், ஆனால் குடும்பத்தில் பதினெட்டு நிரம்பிய ஆண் இருக்க வேண்டும். உனக்குப் பதினைந்து. உயரம் இருந்தது, மீசைதான் இல்லை. உன் பிறப்பை மூன்று வருஷம் முன்னுக்குத் தள்ளி எழுதினேன். பக்கத்து மேசைக்காரன் நிரப்பியது என்று நான் நீட்ட, அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு கையெழுத்து வைத்தாள். நீ மட்டும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாய்.

"அக்கா, இத மறுகா மாத்தேலாது, என்ன?"

"இது என்ன உன்ட கேமா? கடதாசிதானடா. எப்பவும் மாத்தலாம்."

உன்னைவிட ஆறு வயது மூத்தவள், ஊருக்கே கொம்பியூட்டர் படிப்பித்தவள் சொன்ன சொல் அது. நீயும் நம்பினாய்.

தோணி வந்தது. ஒன்றரை வருஷம் வாவியில் இறால் பிடித்து நீதான் எங்களுக்குச் சோறு போட்டாய். பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. துவக்கோடு வாகனத்தில் சண்டைக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள், கரையில் வைத்து உன்னையும் சித்தாண்டியிலிருந்து இறால் வாங்க வந்திருந்த ஒரு பொடியனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர்களே, பதினெட்டு ஆகாத பிள்ளைகளை விடுவிக்கப்போகிறோம் என்று ஒரு மண்டபத்தில் பெயர் பதிந்தார்கள். பிறப்புப் பத்திரத்தைக் காட்டினால் பிள்ளை கிடைக்கும். சித்தாண்டிப் பொடியனின் தாய் பத்திரத்தை நீட்டினாள். அவனுக்குப் பதினாறு, உடனே எழுதிக்கொண்டார்கள். அவன் இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், சொந்த வட்டையில் வெள்ளாமை செய்கிறான்.

எங்கள் முறை வந்தது. பத்திரத்தில் உனக்கு இருபது. அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு, இவனுக்குப் பதினேழுதான் ஐயா, முகாமில் எழுதினவன் பிழையாக எழுதிவிட்டான் என்று அழுதாள். பதிந்த மனிசன் கெட்டவர் இல்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"எழுதின ஆள் வந்து பிழை எண்டு சொல்லட்டும் அம்மா. நான் சேத்துக்கொள்ளுறன்."

எழுதின ஆள் அம்மாவுக்குப் பக்கத்தில் குடையோடு நின்றாள். அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்கு எனக்கு நியமனக் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. பொய்ப் பத்திரம் எழுதினவளுக்கு யார் வேலை தருவார்கள்? நாளைக்குத் தனியே வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அடுத்த நாள் மண்டபம் பூட்டியிருந்தது. அவர்களைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை.

சண்டையில் செத்துவிட்டாய் என்று உன் பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் அதைத் திறக்க விடவில்லை. இறப்புப் பத்திரத்திலும் இருபது என்றே எழுதினார்கள். அங்கே நீ வாயே திறக்கவில்லையாடா? எனக்குப் பதினேழு என்று ஒருத்தரிடமாவது சொன்னாயா? இப்படி உன்னைக் கேட்க எனக்கு வெட்கமில்லை, பார்.

அன்றிலிருந்து அம்மா வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போகிறாள். வாசலில் நின்று ஒரு பிடி மண்ணை அள்ளி வீசி, உன் வயதை எழுதியவனைச் சபிப்பாள். அவன் கை அழுக வேண்டும், அவன் பெற்றது விளங்கக்கூடாது. வடக்கில் யுத்தம் முடிந்து டவுனில் பட்டாசு கொளுத்திய கிழமையும் போய்ச் சபித்தாள். நான் கூடவே போவேன். அவள் செருப்பைப் பார்த்துக்கொள்வேன், சபித்து முடித்ததும் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுப்பேன். மகள் பிறந்த பிறகு அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

போன வெள்ளி அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை.

"குனியேலாது புள்ள. நீ அள்ளி எறி. வாயாலயும் சொல்லு, அம்மாளுக்குக் கேக்கட்டும்."

அள்ளி எறிந்தேன். எழுதினவன் கை அழுகட்டும் என்றேன். அம்மாவுக்குப் போதவில்லை, பிள்ளையையும் சொல் என்றாள். அவன் பெற்றது விளங்கக்கூடாது என்றும் சொன்னேன், ரூபன். சத்தமாகத்தான் சொன்னேன். எங்களைக் கூட்டிப்போக வந்த என் மகள் அப்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றாள்.

நாளைக்கு மறுபடி வெள்ளி. நான் மண்ணைத் தொட மாட்டேன். எழுதியது நான்தான் என்று அம்மாவிடம் அந்த வாசலில் வைத்தே சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. போன வியாழனும் இதே வாக்கைத் தந்தேன் என்று சொல்லிக்காட்டாதே.

உனக்குப் பதினேழு என்று தெரிந்தும் பேசாமல் நின்ற,
உன் அக்கா